டிரம் மெஷினா, தவிலா?

கும்பகோணத்தில் ஒரு பெண் பாடகியை முன்னிறுத்தி டான்ஸ், பாப், போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை) கலந்த குழு தொடங்கினால், முதல் குழப்பம் தாளம்தான். டெபி ஹாரி பாடும் பிளாண்டி குழு 1978-லேயே ரோலண்ட் சிஆர்-78 என்ற டிரம் மெஷினை, அதாவது தாளத்தைத் தானே வாசிக்கும் மின்கருவியை, பயன்படுத்தியது. நியூயார்க்கின் இஎஸ்ஜி குழுச் சகோதரிகளோ டிரம்ஸ், காங்கா எனும் கைமுரசு, பாஸ் கிட்டாரை வைத்தே ஆடவைத்தார்கள்.

சுமை: மெஷின் தோள்பையில் அடங்கும், பலாமரத் தவிலுக்கு பஸ்ஸில் தனி இடம் வேண்டும்.

ஐப்பசி மழை: ஈரத்தில் தவிலின் தோல் தளரும், கரண்ட் போனால் மெஷின் ஊமை.

ஆட்டம்: இதில் எனக்குத் தவில்தான். வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகள் தோலில் படபடவென விழ, இடக்கைக் குச்சியின் அடியில் மறுபக்கம் அதிர, கூடவே பாஸ் கிட்டார் சேர்ந்தால் கால் சும்மா நிற்காது.

சரி, வீட்டு அறையில் தனியாகப் பாட்டுப் பதிவு செய்பவருக்கு மெஷின். திருவிழா மேடைக்குத் தவில். அப்புறம், டெல்டாவில் தவில் வாசிப்பவர்களுக்கா பஞ்சம்?