கொழிஞ்சாம்பாறை சேச்சி தையல் கடை: ப்ளவுஸுக்கு மட்டும் போங்க

மொதல்லயே சொல்லிடறேன், ப்ளவுஸுன்னா கண்ண மூடிட்டு குடுக்கலாம், சுடிதாருன்னா வேற கடை பாருங்க. கேரளா பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைல, பொள்ளாச்சி ரோட்டுல ஒரு மாடிப்படிக்கு கீழ இருக்கற சின்ன கடைங்க, போர்டு மலையாளத்துல தான் இருக்கும், ஆனா சேச்சி நம்மளாட்டவே தமிழ் பேசுவாங்க.

நான் ஸ்கூல் டீச்சர், நாள் பூரா போர்டுல எழுதணும். கைய தூக்குனா ப்ளவுஸ் மேல ஏறிக்கும், இடுப்பு தெரியுதோ என்னமோன்னு ஒரு கையால முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டே பாடம் எடுக்கறது, பின்னாடி பெஞ்சுல எவனாவது சிரிச்சா நம்மளப் பாத்துதான் சிரிக்கறான்னு தோணும், இதுக்கு பயந்தே போர்டோட மேல் பாதிக்கு போறதே இல்ல. டெய்லர்கிட்ட போனா "கொஞ்சம் லூசா வைங்க"ன்னு தானே எல்லாரும் சொல்லுவோம்? சேச்சி அதக் கேட்டுட்டு சிரிச்சாங்க. என்ன வேலைன்னு விசாரிச்சு, கைய மேல தூக்கச் சொல்லி அப்புறமா டேப்ப வெச்சாங்க. கைக்குழிய கீழ எறக்கி லூசா வெட்டுனா கை தூக்கறப்ப மொத்த ப்ளவுஸும் கூடவே ஏறுமாம், குழி அக்குளுக்கு கிட்ட சின்னதா இருந்தா கை மட்டும் போகும், துணி இருந்த எடத்துலயே இருக்கும்னாங்க. துணியத் தண்ணில நனச்சு காயவெச்சுத்தான் வெட்டறாங்க, உள்ள பிரிச்சு விட மார்ஜினும் இருக்கு.

போட்டுட்டு போன அன்னிக்கு போர்டு மேல வரைக்கும் எழுதிட்டு திரும்புனப்ப தான், முந்தானைய இன்னும் தொடவே இல்லையேன்னு ஒறச்சுது. பசங்க சத்தம் போட்டாங்க, எனக்கு கோவம் கூட வரல, அன்னிக்கு மூடே வேற.

டிரஸ்னால கவனம் கூடும்னு சொல்றவங்க 2012ல ஆடம், காலின்ஸ்கி பண்ண ஆராய்ச்சிய எடுத்துட்டு வருவாங்க, ஒரே வெள்ளக் கோட்ட டாக்டர் கோட்டுன்னு சொல்லி போடவெச்சா கவனம் கூடுச்சு, பெயிண்டர் கோட்டுன்னா அந்தளவுக்கு இல்லன்னு. அதே ஆராய்ச்சில மொத சோதனை, கோட்டு போட்டவங்களையும் போடாதவங்களையும் ஒப்பிட்டது, அத வேற ஆளுங்க மறுபடி செஞ்சு 2019ல வெளியிட்டாங்க, அந்த ரிசல்ட் வரல. எனக்கென்னமோ கோட்டோட பேர விட அது அக்குள்ல இறுக்குச்சா இல்லையான்னு கேட்டிருக்கலாம்னு தோணுது. எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் டவுன்ல ஆயிரக்கணக்குல குடுத்து ஆரி வொர்க் ப்ளவுஸ் தெச்சாங்க, கல்யாணத்துல கைய மடக்க முடியாம பந்தில சோத்தப் பெசையவே அவங்க பட்ட பாடு இருக்கே!

ஓணத்துக்கு குத்தாம்புள்ளி செட்டு சேலைக்கு கரும்பச்சை ப்ளவுஸ் இங்கதான் தெச்சேன். பாரதப்புழையும் காயத்ரிப்புழையும் சேர்ற ஊர்ல நெய்யற சேலை அது, ஒடம்பு பூரா வெறும் க்ரீம் கலரு, கரைல தான் கசவுங்கற சரிகை, அதனால எல்லார் கண்ணும் ப்ளவுஸ் மேல தான் போகும், ஒரு சுருக்கம் விழுந்தாலும் பளிச்சுன்னு தெரியும். விழல.

கொறைன்னு பாத்தா சொன்ன தேதிக்கு குடுக்கவே மாட்டாங்க, போன எடுக்க மாட்டாங்க, போட்டுப் பாக்க ஒரு திரைச்சீலையும் அரை ஆள் கண்ணாடியும் தான். சுடிதார் கழுத்து எனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரல, பிரிச்சுக் குடுத்தும் சரியாகல. லைனிங் ப்ளவுஸ் கூலி எங்கிட்ட 400 ரூபாய் வாங்குனாங்க. ஓணத்துக்கு வேணும்னா ஆடிலயே துணியக் குடுத்துருங்க.