ஷீல்ட்ஸ்அப், என்மேப்: வீட்டுக் கணினியின் போர்ட்டுகளைச் சோதித்த அனுபவம்

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் எனக்கு, கணினியில் எந்தெந்தப் போர்ட்டுகள் (வலையமைப்புத் தொடர்புக்கான எண்ணிட்ட வாசல்கள்) திறந்து கிடக்கின்றன என்று பார்க்கவேண்டிய தேவை வந்தது. இலவசமாகக் கிடைக்கும் இரண்டு கருவிகளைப் பயன்படுத்தினேன்.

கிப்சன் ரிசர்ச் கார்ப்பரேஷனின் ஷீல்ட்ஸ்அப்புக்கு எதையும் நிறுவவேண்டியதில்லை. அவர்களுடைய தளத்தில் பொத்தானை அழுத்தினால், 0 முதல் 1055 வரையிலான போர்ட்டுகளை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, பதிலே வராதவற்றைப் பச்சைக் கட்டங்களாகக் காட்டுகிறது. எனக்குத் திரை முழுவதும் பச்சை. ஆனால் ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்தபோது, அதன் ஐபி முகவரி 100.72 என்று தொடங்கியிருந்தது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் சிஜிநாட் ஏற்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. ஆக, தட்டப்பட்டது இணைய நிறுவனத்தின் வாசல். என் வீட்டுக் கதவை யாரும் தொடவே இல்லை.

கோர்டன் லயன் 1997இல் வெளியிட்ட, கணினியில் நிறுவி ஓட்டும் சோதனைக் கருவியான என்மேப்பே உண்மையைச் சொன்னது. தன் கணினியைத் தானே சோதித்தால் ஃபயர்வால் (வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் அரண்) பெரும்பாலும் குறுக்கே வராது என்பதால், அதே வைஃபையில் இருந்த மனைவியின் மடிக்கணினியிலிருந்து ஓட்டினேன். வழக்கமான 1000 போர்ட்டுகளைச் சில நொடிகளில் பார்த்து முடித்த அது, 135, 139, 445 மூன்றும் திறந்திருப்பதாகக் காட்டியது. 445 என்பது விண்டோஸ் கோப்புப் பகிர்வு. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியது இதன் வழியாகத்தான். எப்போதோ திருமணப் படங்களை நகலெடுக்கப் பகிர்வைத் திறந்த நான், மூட மறந்திருக்கிறேன். பகிர்வை நிறுத்தி, இணைப்பைப் 'பொது' என்று மாற்றி மறுபடி ஓட்டியதும், மூன்றும் 'வடிகட்டப்பட்டவை', அதாவது ஃபயர்வால் தடுத்தவை, ஆயின.

என்மேப்புக்கு ஜென்மேப் என்ற வரைகலை முகப்பு இருந்தும், புதியவர் முதல் நாளில் திணறவே செய்வார். யுடிபி (இணைப்பை உறுதிசெய்யாமலே தரவை அனுப்பும் முறை) போர்ட்டுகளைச் சோதிக்கப் பொறுமை வேண்டும். புதிய வகை இணைய முகவரியான ஐபிவி6 முகவரியைத் தனியாகச் சோதிக்கச் சொல்லவேண்டும், அங்கே சிஜிநாட் மறைப்பும் கிடையாது. அலுவலக வலையமைப்பில் அனுமதியின்றி இதை ஓட்டிவிடாதீர்கள்.

ரூட்டரையும் அதேபோல் சோதித்தபோது, அதன் 23ஆம் போர்ட்டில் டெல்நெட் (மறையாக்கம் இல்லாத பழைய தொலைநுழைவு முறை) திறந்திருப்பதும் தெரிந்தது. அதை மூடும் வசதி அமைப்புப் பக்கத்தில் இல்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். 23 இன்னும் திறந்தே இருக்கிறது.