காப்பகமா, பாட்டி வீடா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் தாயை இழந்த ஒரு சிறுமி, தந்தையும் விட்டுப் போய்விட்டார், மீன் கூடை சுமக்கும் பாட்டி மட்டுமே துணை என்று வைத்துக்கொள்வோம். "காப்பகத்தில் விட்டால் மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்குமே" என்பார்கள் அக்கம்பக்கத்தார்.

காப்பகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அது கூரையாக நின்றது. வீட்டிலேயே அடியும் பாலியல் கொடுமையும் என்றால் பிள்ளையை உடனே அங்கிருந்து மீட்டே ஆகவேண்டும்.

வறுமை மட்டுமே காரணம் என்றால் பிரிப்பது அநியாயம். காப்பகத்தில் பணியாளர்கள் முறை மாற்றி வருவார்கள், போவார்கள். காய்ச்சல் இரவில் விழித்திருக்கும் அதே கை, மாசி மகத்தன்று கடற்கரைக்கு அழைத்துப்போகும் அதே தோள், அம்மாவின் சிறுவயதுக் கதைகள், இவையெல்லாம் பாட்டியிடம்தான் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் காப்பகத்தைக் கடைசி வழியாகவே வைக்கிறது.

பாட்டிக்குத் தேவை பணம். குழந்தைகள் பாதுகாப்புக்கான அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயையும் மற்ற இடங்களில் 96,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

பாட்டிக்கு வயதாகிறது என்ற கவலை உண்மையானது. அதனால்தான் பணத்தோடு சமூகப் பணியாளரும் அந்த வீட்டுப் படியேற வேண்டும்: பள்ளிக்குப் போகிறாளா, பாட்டி படுத்துவிட்டால் சித்தி வருவாரா என்று முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். அவசரத்துக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.