கேபிசியா, என்டிஎம்மா: எது பெரிய தலைவலி?

மருத்துவமனைகளில் கார்பபெனம் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக் மருந்துகளைச் செல்லாக்காசாக்கும், கிருமிகளின் மரபணுக்களில் இந்த இரண்டும் பேர்போனவை.

கேபிசி, 1996-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எடுத்த கிளெப்சியெல்லா கிருமியில் கிடைத்தது. என்டிஎம் போலவே இதுவும், கிருமிவிட்டுக் கிருமி தாவக்கூடிய பிளாஸ்மிட் என்ற வளைய டிஎன்ஏவில்தான் இருக்கிறது. ஆனாலும் அது உலகம் சுற்றியதில் பெரும்பங்கு எஸ்டி258 என்ற ஒரே கிருமிக் குடும்பத்துக்கு. எனவே நோயாளியைத் தனியே வைத்து, கைச்சுத்தம் பேணினால் ஓரளவு மடக்கலாம்.

என்டிஎம் அப்படியில்லை. 2008-இல், தில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் தெரியவந்தது. 2010-இல் வெளியான ஆய்வில் சென்னை மாதிரிகளிலும் இருந்தது. (என்டிஎம்மில் ‘என்டி’ என்பது நியூ டெல்லி; பெயரில் தில்லியைச் சேர்த்ததற்கு இங்கே கிளம்பிய சண்டை தனிக்கதை.) கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலை, அங்கிருந்து இன்னொன்று என இனம்விட்டு இனம் தாவும். நாம் ஒரு கிருமியைத் துரத்தும்போது மரபணு வேறொன்றில் குடியேறியிருக்கும். 2011-இல் தில்லியின் தெருவோரத் தேங்குநீரிலும் குழாய்த் தண்ணீரிலும்கூட அகப்பட்டது. என் கணக்கில் இதுதான் பெரிய தலைவலி.

சரி, மருந்து? கேபிசி மரபணு உண்டாக்கும், மருந்தை உடைக்கும் நொதியை அவிபாக்டம் என்ற தடுப்பு மருந்து கட்டிப்போடும். துத்தநாகத்தை வைத்து இயங்கும் என்டிஎம் நொதியிடம் அது பலிக்காது. அஸ்ட்ரியோனாம் என்ற ஆன்டிபயாட்டிக்கை என்டிஎம் உடைக்காது. ஆனால் கூடவே வரும் வேறு நொதிகள் உடைத்துவிடும். அவற்றை அடக்கத்தான் அஸ்ட்ரியோனாமோடு அவிபாக்டமையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.