மழைக்காலத் தேனீ உணவூட்டிகள்: சிரட்டையா, பாட்டிலா, சட்டத் தொட்டியா?

ரப்பர் துளிரின் இலைக்காம்பில் சுரக்கும் மதுவை நம்பி பிப்ரவரி, மார்ச்சில் பெருத்த இந்தியத் தேனீக் குடும்பங்கள், கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் மழையோடு மெலியத் தொடங்கிவிடும். தென்மேற்கு ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடுகிறது. இந்த மாதங்களுக்கென்று தேனீக் கருவி விற்கும் கடைகளில் சட்டத் தொட்டி, தலைகீழ் பாட்டில், வாசலில் செருகும் பாட்டில் என்று பல வகை உணவூட்டிகள் கிடைக்கின்றன. எல்லார் வீட்டிலும் இருக்கும் சிரட்டையையும் சேர்த்து, அடை கட்டுவதற்கான மரச்சட்டம் ஏழு கொண்ட, இந்தியத் தேனீக்கான சிறிய நியூட்டன் பெட்டிக்கு எது சரிப்படும் என்று பார்க்கலாம்.

வாங்கும் முன், சீனிப்பாகு தேவையா என்று பெட்டியையே கேட்க வேண்டும். மழை பெய்கிறது என்பது மட்டும் காரணமாகாது. மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் மூடியைத் திறந்து, புழு வளரும் கீழ் அறையான புழு அறையில் நடுச்சட்டம் ஒன்றையும் ஓரச்சட்டம் ஒன்றையும் மட்டும் தூக்குங்கள். அடையின் மேல்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மெழுகு மூடி போட்ட தேன் இரண்டு மூன்று சட்டங்களில் இருந்தால், ஒரு வார அடைமழைக்குப் பயமில்லை. மூடிவிட்டு அடுத்த வாரம் பாருங்கள். தேன் வளையமே இல்லை, இளம்புழுக்களைச் சுற்றி இருக்க வேண்டிய பால் வற்றியிருக்கிறது, புது முட்டை குறைந்திருக்கிறது, அடிப்பலகையில் இழுத்துப் போட்ட வெள்ளைப் புழுக்கள் கிடக்கின்றன என்றால் அன்று மாலையே பாகு வைத்தாக வேண்டும். இந்தியத் தேனீ பட்டினியில் காத்துக் கிடக்காது. புழுவளர்ப்பை நிறுத்திவிட்டு, வெயில் கண்ட முதல் நாளே கூட்டத்தோடு பெட்டியை விட்டுப் போய்விடும். கடைசித் தேனெடுப்பில் புழு அறைத் தேனையும் சேர்த்துச் சுழற்றி எடுத்த பெட்டிகளுக்குத்தான் இந்த நிலை பெரும்பாலும் வருகிறது. அந்தத் தேனை விட்டு வைத்தவருக்கு உணவூட்டிச் செலவே பாதி குறையும்.

இனி பொருளுக்கு வருவோம். சட்டத் தொட்டி என்பது ஒரு சட்டத்தின் இடத்தில் தொங்கும் குறுகலான பிளாஸ்டிக் பெட்டி. பாகு நிறையப் பிடிக்கும், பெட்டிக்குள்ளேயே இருப்பதால் வெளித் தேனீ வராது. குறை இரண்டு. கடைகளில் அதிகம் இருப்பது இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் அளவு. அது நியூட்டன் பெட்டியில் இறங்கவே இறங்காது. அளவு பொருந்தினாலும் உட்சுவர் வழவழப்பாக இருந்தால் தேனீக்கள் வழுக்கி விழுந்து மூழ்கிச் செத்து மிதக்கும். உட்சுவரை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, தென்னை ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டால் சாவு வெகுவாகக் குறைகிறது. மழையில் நாலு சட்டமாகச் சுருங்கிய குடும்பத்துக்கு இதை ஓரத்தில் தொங்கவிட்டால் பயனில்லை. தேனீ மொய்க்கும் கடைசி அடையை ஒட்டியே தொட்டி இருக்க வேண்டும்.

தலைகீழ் பாட்டில் எளிய கருவி. மூடியில் மெல்லிய ஆணியால் ஐந்தாறு துளை, சட்டங்களின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் காலி தேன் அறையை (தேன் சேர்க்கும் மேல் அறை) வைத்து மூடுவது. உள்ளே வெற்றிடம் உருவாவதால் பாகு நிற்கிறது, தேனீ உறிஞ்சும்போது மட்டும் இறங்குகிறது. ஆனால் பாதி காலியான பாட்டிலில் உள்ள காற்று பகல் சூட்டில் விரிந்து பாகைச் சொட்டவிடும்; சொட்டிய பாகு அடிப்பலகையில் வழிந்து எறும்பை அழைத்துவரும். சிறிய பாட்டிலாக எடுத்து விளிம்புவரை நிரப்புவதே வழி. பெட்டி சாய்ந்திருந்தாலும் இதே சிக்கல்தான்.

வாசலில் செருகும் வகையை மழைக்காலத்துக்கு வாங்கவே வேண்டாம். சாரலில் பாகு நீர்த்துப் புளிக்கும், வாசனை பக்கத்துப் பெட்டிகளை இழுத்து தேன் கொள்ளையில் முடியும். அதில் முதலில் அழிவது நீங்கள் காப்பாற்ற நினைத்த பலவீனமான குடும்பம்தான்.

சிரட்டைக்கே என் ஓட்டு. கண்ணில்லாத பாதியை எடுத்து, நாரைச் சுரண்டிக் கழுவி, சட்டங்களின் மேல் வைத்து, நாலைந்து ஈர்க்குத் துண்டுகளை உள்ளே போட்டால் போதும். உட்புறச் சொரசொரப்பு தேனீக்குப் பிடிமானம் தரும். ஒரு தடவைக்கு 150 முதல் 200 மில்லி பிடிக்கும்; அதைவிட அதிகம் ஒரே இரவில் சின்னக் குடும்பத்தால் எடுக்கவும் முடியாது. பழசானால் எரித்துவிட்டு வேறு சிரட்டை வைக்கலாம், நோய்ப் பெட்டியின் பாத்திரம் நல்ல பெட்டிக்குப் போகும் ஆபத்தில்லை. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற, புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் செய்த அழிவை அறிந்தவர்களுக்கு இது சின்ன லாபமாகத் தெரியாது.

பாகுக்கு 1 கிலோ வெள்ளைச் சீனி, 1 லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்த பிறகே சீனியைப் போட்டுக் கலக்குங்கள். பாகைக் காய்ச்சிப் பழுப்பாக்கினால் தேனீக்குக் கேடு. ஏறக்குறைய 1.6 லிட்டர் கிடைக்கும். பெட்டிக்கு 200 மில்லி வீதம் எட்டுப் பெட்டிக்குச் சரியாக வரும். வாரம் இருமுறை என்றால் ஒரு பெட்டிக்குச் சுமார் 250 கிராம் சீனி. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை வேண்டாம், தேனீக்கு வயிற்றுப்போக்கு வரும். கடைத் தேனும் வேண்டாம், நோய்க்கிருமி அதோடு வரும். இருட்டும் நேரத்தில், தோட்டத்திலுள்ள எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாலையில் வைத்து, வாசலைக் குறுக்கிவிடுங்கள். காலையில் மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டும். ஈரக்காற்றில் பாகு சீக்கிரம் நுரைக்கும். அடுத்த முறை அளவைக் குறையுங்கள்.

பெட்டியை அடிக்கடி திறக்க முடியாத தொடர்மழையென்றால், பொடித்த சீனியைத் தன் பெட்டியின் நல்ல தேனில் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, சட்டங்களின் மேல் ஒரு தட்டையான உருண்டை வைத்துவிடலாம். பாகு எதுவானாலும் மகரந்தத்துக்கு ஈடாகாது. சுற்றிலும் தென்னை பூத்திருக்கும் தோட்டத்தில் அந்தக் கவலை குறைவு.

தேன் அறையில் சட்டம் இருக்கும்போது எந்த உணவூட்டியும் வைக்கக் கூடாது. சீனிப்பாகு அங்கே ஏறினால் அடுத்த அறுவடை தேனே அல்ல. ரப்பர் துளிர்க்கத் தொடங்கும் முன்பே பாகை நிறுத்திவிட்டு, பிறகுதான் தேன் அறைச் சட்டங்களை ஏற்ற வேண்டும்.

பெட்டி அதிகம் வைத்து வணிகமாகச் செய்பவர்கள் சட்டத் தொட்டி வாங்கலாம். அவர்களும் பெட்டியிலிருந்து ஒரு புழு அறைச் சட்டத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், பக்கத்தில் வைத்து அளந்து, தண்ணீர் ஊற்றி ஒட்டுவாயில் கசிகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.