தெல் ஆராத் தேசியப் பூங்கா: எதை முதலில் பார்ப்பது, எதற்கு எருசலேம் போவது

புனித பூமிச் சுற்றுலாத் திட்டங்களில் தெல் ஆராத் அபூர்வமாகத்தான் இடம்பெறும். அது பெரிய இழப்பு. சவக்கடலுக்கு மேற்கே இஸ்ரேலின் நேகேவ் பாலைவனத்தில், இன்றைய ஆராத் நகரிலிருந்து சுமார் 10 கி.மீ. தூரம். 31ஆம் எண் சாலையிலிருந்து வடக்கே 80ஆம் எண் சாலையில் திரும்பினால் சில நிமிடங்களில் வந்துவிடும்.

இங்கே இருப்பது ஒரே ஊர் அல்ல. கீழே கி.மு. 3000ஐ ஒட்டிய வெண்கலக் கால நகரம். மேட்டில் யூதா ராஜ்யத்தின் கோட்டை. கீழ் நகரம் கி.மு. 2650 வாக்கில் கைவிடப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் இங்கே குடியிருப்பே இல்லை. பைபிளில் எண்ணாகமம் 21இல் இஸ்ரவேலரோடு யுத்தம்பண்ணிய ஆராத்தின் ராஜாவைத் தேடி வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். அவன் காலத்து மண்ணடுக்கு இங்கே கிடைக்கவில்லை. கோட்டையைத் தோண்டிய யோகனான் அஹரோனி, அருகிலுள்ள தெல் மல்ஹாத்தாவே கானானியரின் ஆராத் என்று கருதினார்.

நேரே கோட்டைக்கு ஏறிவிடாதீர்கள். தொல்லியலாளர் ரூத் அமிரான் 1962 முதல் தோண்டி வெளிக்கொணர்ந்த கீழ் நகரத்தை முதலில் பாருங்கள். சுமார் 1,200 மீட்டர் நீள மதில், அதில் அரைவட்டக் கோபுரங்கள். வீடுகள் எல்லாம் ஒரே அச்சு: நீளவாக்குச் சுவரில் வாசல், தெருவிலிருந்து உள்ளே இறங்கும் படிகள், சுவரோரம் கல் திண்ணை, நடுவில் கூரைத் தூணுக்கான அடிக்கல். வாசலின் இடப்பக்கம் குனிந்து பார்த்தால் கதவு சுழன்ற குழிக்கல் தெரியும். ஆண்டு மழை 200 மி.மீ.க்கும் குறைவான இடம் என்பதால் நகரமே தண்ணீருக்காகச் சரிவாக அமைந்திருக்கிறது. தெருவில் ஓடும் மழைநீர் நடுவிலுள்ள பள்ளத்தில் சேரும். பிற்காலத்தில் அதே பள்ளத்தில் கிணறு வெட்டி, அந்தத் தண்ணீரை மேலே சுமந்துபோய், கோட்டையின் மேற்குச் சுவருக்கு அடியில் செல்லும் வாய்க்கால் வழியாகப் பாறைத் தொட்டிகளில் ஊற்றினார்கள்.

கோட்டை ஏறக்குறைய 50க்கு 50 மீட்டர். அதன் வடமேற்கு மூலையில் உள்ள ஆலயத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம். முற்றத்துப் பலிபீடம் செதுக்காத கற்களாலும் மண்ணாலும் ஆனது. யாத்திராகமம் 20:25 கேட்பதும் வெட்டாத கல்லைத்தான். பக்கம் சுமார் இரண்டரை மீட்டர், அதாவது யாத்திராகமம் 27:1 சொல்லும் ஐந்து முழம். உள்ளே மகா பரிசுத்த ஸ்தலத்தின் முகப்பில் நிற்கும் இரண்டு தூபபீடங்கள் நகல்கள். 52 செ.மீ., 40 செ.மீ. உயரமுள்ள மூலங்கள் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2020இல் வெளியான ஆய்வில் பெரியதன் மேல் சாம்பிராணியும் மிருகக் கொழுப்பும், சிறியதன் மேல் சாணத்தோடு கலந்த கஞ்சாவும் படிந்திருந்தது உறுதியானது. பீடங்கள் சாய்த்துக் கிடத்தி மூடப்பட்டிருந்தன. யூதாவின் ராஜா எசேக்கியா, எருசலேமுக்கு வெளியே இருந்த வழிபாட்டு மேடைகளை அகற்றியதோடு பலர் இதை இணைக்கிறார்கள். ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

கோட்டைத் தளபதி எலியாசிபுக்கு கி.மு. 600 வாக்கில் மையால் எழுதப்பட்ட பானை ஓடுகளும் இங்கேதான் கிடைத்தன. ‘கித்தீமுக்கு இவ்வளவு திராட்சரசம், மாவு கொடு’ என்கிற அன்றாட உத்தரவுகளே அதிகம். கித்தீம் என்பவர்கள் கிரேக்கக் கூலிப்படையினர் என்று கருதப்படுகிறது. 2016இல் டெல் அவிவ் பல்கலைக்கழகக் குழு 16 ஓடுகளின் கையெழுத்தைக் கணினியில் ஒப்பிட்டு, குறைந்தது ஆறு பேர் எழுதியவை என்று கண்டது. ஒரு எல்லைக் காவலில் இத்தனை பேருக்கு எழுத்து தெரிந்திருந்தது!

நிழல் மிகக் குறைவு. கோடையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். தண்ணீர், தொப்பி அவசியம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமையும் பண்டிகைக்கு முந்தின நாளும் சீக்கிரம் மூடிவிடுவார்கள், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நுழைவும் நின்றுவிடும். எருசலேம் அருங்காட்சியகத்தை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்: இடத்தைப் பார்த்தபின் போனால், அங்குள்ள தூபபீடங்கள் எந்த வாசலில் நின்றவை என்று கேட்காமலே புரியும்.