வாசிகசாலைகளுக்கு ஓர் எச்சரிக்கை: மின்னூலுக்குக் காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

கிளிநொச்சிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலைக்கென்று காசு கொடுத்து வாங்கிய மின்னூல்களில் ஒன்றுகூட இப்போது திறபடுவதில்லை. விற்ற கடை தன் பழைய செயலியை மூடிவிட்டு மாதச் சந்தா முறைக்கு மாறிவிட்டது. பழைய ஆட்கள் வாங்கிய புத்தகங்கள் புதிய செயலிக்கு வராதாம், காசும் திரும்பக் கிடைக்காதாம். 60,000 ரூபாவுக்கு மேல் போய்விட்டது. முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கத்திலும் சில வாசிகசாலைகள் இப்படி வாங்க யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் காசு கட்டுவதற்கு முன் இது கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு இன்னும் நடக்கிறது. அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். இதே நிபந்தனையோடு விற்கிற கடைகள் நிறைய இருக்கின்றன.

அச்சுப் புத்தகம் வாங்காமல் ஏன் இதற்குப் போனீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். 2009இல் முடிந்த போரில் வன்னிச் சனம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது எங்கள் வாசிகசாலைப் புத்தகங்கள் எல்லாம் போயின. மீளக்குடியேறிய பிறகு சேர்த்ததில் ஒரு பகுதியைக் கறையான் தின்றது, ஒரு பகுதி வெள்ளத்தில் ஊறியது. தமிழ்நாட்டில் அச்சாகும் புத்தகம் கிளிநொச்சிக்கு வந்து சேரும்போது அதன் விலையும் ஏறிவிடும். ஆகவே கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் டப்லெட்டுகள் வாங்கித் தந்து, புத்தகத்துக்கும் காசு அனுப்பியபோது நிர்வாகசபையில் எல்லோருக்கும் சந்தோசம். இனிமேல் எரியாது, நனையாது, இடம்பெயர்ந்தாலும் கூடவே வரும் என்று எங்கள் தலைவர் கூட்டத்தில் சொன்னார். புத்தகத்தை இழந்து பழகிய சனத்துக்கு அது சின்ன விசயம் இல்லை.

கேட்டு விசாரித்துத்தான் வாங்கினோம். 'ஒருமுறை வாங்குங்கள், வாழ்நாள் முழுதும் வாசியுங்கள்' என்று விளம்பரத்திலேயே இருந்தது. வாசிகசாலைக்குத்தான் வாங்குகிறோம், பல பிள்ளைகள் வாசிப்பார்கள், எல்லா டப்லெட்டிலும் போடலாமா என்று அவர்களின் அரட்டைப் பெட்டியில் எழுதிக் கேட்டோம். "தாராளமாகப் போடலாம் சார், லைஃப்டைம் ஆக்சஸ்" என்று பதில் வந்தது. அதன் ஸ்கிரீன்ஷொட் இப்போதும் எங்களிடம் உண்டு.

முதல் சிக்கல் மாரியில் தெரிந்தது. இறக்கி வைத்த புத்தகமாக இருந்தாலும், அந்தச் செயலி சில நாட்களுக்கு ஒருமுறை கடையின் சேர்வரோடு தொடர்பு கொண்டு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். தொடர்பு கிடைக்காவிட்டால் புத்தகம் திறக்காது. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற அளவுக்கு மழை பெய்யும் நாட்களில் எங்கள் பக்கம் கரண்ட் போகும், பின்னாலேயே சிக்னலும் போகும். பள்ளிக்கூடம் பூட்டி, பிள்ளைகள் சும்மா இருக்கிற நாட்கள் அவைதான். சார்ச் ஏற்றி வைத்த டப்லெட் கையில் இருந்தும் 'இணையத்துடன் இணைக்கவும்' என்ற ஒரு வரியைத் தவிர அவர்களுக்கு வாசிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒரு டப்லெட்டின் திரை உடைந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் புத்தகங்களை ஏற்றப் போனால், கருவிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்றது செயலி. பழையதை நீக்க வேண்டுமென்றால் பழைய கருவிக்குள் போய்த்தான் நீக்க வேண்டுமாம். திரை உடைந்த கருவிக்குள் எப்படிப் போவது? கடைக்கு எழுதினால் அதே விளக்கப் பக்கத்தின் இணைப்பையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள்.

இவற்றைக்கூடச் சகித்துக்கொண்டிருப்போம். எனக்கு இன்றுவரை ஆறாதது வேறொன்று. எங்கள் வாசிகசாலைக்கு வழக்கமாக வருகிற ஒரு அண்ணை போரில் இரண்டு கண்ணையும் இழந்தவர். அன்ட்ரொய்ட் போனில் திரையில் உள்ளதைச் சத்தமாக வாசித்துச் சொல்லும் டோக்பேக் என்ற திரைவாசிப்பானைப் போட்டுச் செய்தி, முகநூல் எல்லாம் தமிழிலேயே கேட்பார். முந்தி நிறைய வாசித்த மனிசன். மின்னூல் வரப்போகிறது என்றதும் எங்கள் எல்லோரையும்விட ஆவலாக இருந்தவர் அவர்தான். செயலியைப் போட்டு அவர் கையில் கொடுத்தோம். அட்டையில் இருந்த பெயரை வாசித்தது. உள்ளே போனதும் "பக்கம் ஒன்று", "பக்கம் இரண்டு" என்று எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போனது. எழுத்தை யாரும் படியெடுக்கக் கூடாது என்று கடைக்காரர் பக்கங்களைப் படமாகக் காட்டுகிறார்கள். திரைவாசிப்பானுக்கு அந்தப் படத்துக்குள் எழுத்தே இல்லை. "தம்பி, இது எனக்கு வராது போல" என்று போனைத் திருப்பித் தந்தார். கேட்டதற்குக் கடை எழுதிய பதில்: பாதுகாப்புக் காரணங்களுக்காக அந்த வசதியைத் தர முடியாது.

பார்வையற்றவர்கள் வாசிக்கக்கூடிய வடிவில் நூல்களைப் படியெடுக்கப் பதிப்புரிமைச் சட்டம் இடம் விட வேண்டும் என்று சொல்லும் உலக உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. 2013இல் மொரோக்கோவின் மராக்கேஷ் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இந்தியா 2014இலும் இலங்கை 2016இலும் அதில் சேர்ந்தன. படியெடுக்க விடாமல் கடைகள் போடும் இப்படியான டிஜிட்டல் பூட்டுகள் அந்த உரிமைக்குக் குறுக்கே நிற்காதபடி அரசுகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதன் 7ஆம் உறுப்புரையே சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை அந்த அண்ணைக்குக் காதால் கேட்கக் கொடுக்க முடியவில்லை என்றால் அது யாருக்கு என்ன பாதுகாப்பு?

கடைசியில் அந்த மின்னஞ்சல் வந்தது. குறிப்பிட்ட திகதியோடு பழைய செயலி நிறுத்தப்படும், புதிய சந்தாவில் சேருங்கள், முதல் மாதம் கழிவு உண்டு. வாங்கிய புத்தகங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எங்கள் செயலாளர் தேடிப் பிடித்து ஒரு நம்பருக்கு எடுத்துப் பேசினார். மறுமுனையில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "சார், நீங்க வாங்கினது புக் இல்ல, படிக்கிறதுக்கான லைசென்ஸ். கண்டிஷன்ஸ்ல இருக்கு சார்." அப்படியென்றால் வாழ்நாள் முழுதும் என்று ஏன் போட்டீர்கள் என்று இவர் கேட்டார். அது விளம்பரப் பிரிவு போட்டது என்றார். காசைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேட்டபோது தொனி மாறிவிட்டது. தனிப்பட்ட பாவனைக்கான உரிமத்தை ஒரு நிறுவனத்தில் பாவித்தது நிபந்தனை மீறல், மேலும் தொடர்ந்தால் கணக்கு முடக்கப்படும் என்று எழுதினார்கள். வாசிகசாலைக்கு என்று சொல்லி, அவர்கள் சம்மதம் தந்த பிறகுதானே வாங்கினோம்! ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பினோம். அதற்குப் பிறகு பதில் இல்லை.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது. டி.ஆர்.எம். என்பார்கள். மின்னூல் என்பது ஒரு கோப்பு. ஈபப் என்பது அதற்கான பொதுவான, யாருக்கும் திறந்த வடிவம். பூட்டுப் போட்ட கடை அந்தக் கோப்பை மறையாக்கம் செய்து, அதாவது திறப்பு இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றித் தருகிறது. கோப்பு உங்கள் கருவியில் கிடக்கும். அதைத் திறக்கும் திறப்பு உங்கள் கணக்கோடும் கருவியோடும் கட்டப்பட்டிருக்கும், அதைக் கொடுப்பது கடையின் சேர்வர். நெல் எங்கள் வீட்டுக் களஞ்சியத்தில், திறப்பு மட்டும் வியாபாரியின் மடியில். வியாபாரி கடையைப் பூட்டிக்கொண்டு போனால் நெல்லும் போன மாதிரித்தான்.

பெரிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. 2009 ஜூலையில் அமேசன், ஜோர்ஜ் ஓர்வெலின் நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவில் இருந்தபடியே அழித்தது. அவற்றை விற்றவருக்கு விற்கும் உரிமை இருக்கவில்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. ஆனால் ஒரு பாடசாலை மாணவர் புத்தகத்தோடு சேர்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனில்லாமல் போய், அது வழக்காகவே வந்தது. 2019இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்கள் எல்லாம் திறபடாமல் போயின. அவர்களும் கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்கு மேலதிகமாக 25 டொலரும் கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று போட்டு விற்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. எங்களுக்குக் காசும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு பதிப்புரிமையே கூடாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதியவருக்குக் காசு போக வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு, இந்தியாவில் 60 ஆண்டுகள். அந்த உரிமை எழுத்தாளருடையது. பூட்டு கடையுடையது. பூட்டு இல்லாத புத்தகத்துக்கும் பதிப்புரிமை அப்படியே இருக்கும். நாங்கள் வாங்கிய நூல்களில் ஒன்றை எழுதியவருக்கு நடந்ததைச் சொல்லி எழுதினேன். தன் புத்தகத்துக்குப் பூட்டுப் போடச் சொல்லித் தான் கேட்கவே இல்லை, இப்போது தன் வாசகர்களிடம் அது இல்லை என்பதே எங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று பதில் எழுதினார். பிடிஎஃப் ஆக டெலிகிராமில் சுற்றுகிறதே, அதை இறக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். அந்த எழுத்தாளரைப் போன்றவர்களின் வயிற்றில் அடித்து வாசிகசாலை நடத்த முடியாது என்று நிர்வாகசபை மறுத்துவிட்டது. சரியான முடிவு.

பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று வருகிறவர்களிடமும் கவனமாக இருங்கள். படியெடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைப்பதற்கென்றே அமைத்த கருவிகளை விற்பனைக்காகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் எங்கள் சட்டத்தில் மீறல். இந்தியாவில் 2012 திருத்தத்தில் சேர்த்த 65ஏ பிரிவின்படி, உரிமை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. காசு இழந்த வாசிகசாலை வழக்கையும் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையிடம் முதலில் கேட்க வேண்டியது, கோப்பை ஈபப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ இறக்கி எங்கள் கணினியில் வைத்துக்கொள்ளலாமா என்பது. இல்லை என்றால் அதை வாடகை என்று நினைத்து, வாடகைக்குத் தகுந்த காசு மட்டும் கொடுங்கள். சில பதிப்பாளர்கள் பூட்டுக்குப் பதிலாக வாங்கியவரின் பெயரைக் கோப்புக்குள் பதித்து விற்கிறார்கள். அது நியாயமான வழி, புத்தகமும் கையில் இருக்கும். ஒரு மலிவான புத்தகத்தை வாங்கி, வைஃபையையும் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, ஒரு கிழமை கழித்துத் திறந்து பாருங்கள். டோக்பேக்கைப் போட்டு இரண்டு பக்கம் கேளுங்கள். இதை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம், எங்கள் வன்னியில் எந்த வாசிகசாலைக்கும் அப்படி ஒருவர் வருவார். வாசிகசாலைக்கு என்று கேட்டு வாங்கிய சம்மதம் அரட்டைப் பெட்டியில் இருந்தால் போதாது, மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். காசைக் கார்டில் கட்டுங்கள், வங்கி மூலம் திருப்பிக் கேட்க ஒரு வழியாவது இருக்கும். அதற்குக் கால எல்லை உண்டு. எங்களுக்குச் செயலி மூடப்பட்டபோது அது கடந்துவிட்டிருந்தது.

காசே இல்லாமல், சட்டத்துக்கும் உட்பட்டு நிறைய இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க நூல்கள் தொடக்கம் கிடைக்கும். 2005இலிருந்து நூலகம் தளம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் எரிந்தும் தொலைந்தும் போன பழைய சஞ்சிகைகள் சிலவற்றை அங்கேதான் திரும்பக் கண்டோம். யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளர்களே தந்த நூல்களை ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்பாகவே இறக்கலாம். அவை ஒருமுறை இறங்கினால் யாரிடமும் அனுமதி கேட்காமல் திறக்கும். அந்த அண்ணை இப்போது அங்கிருந்து இறக்கிய நூல்களைத்தான் கேட்கிறார்.

நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவர்களின் தொலைபேசி எண் 1977. இதே மாதிரி வேறு கடையில் வாங்கி, இன்னும் புத்தகம் திறபடுகிறவர்கள் இன்றைக்கே வாங்கிய பட்டியல், பற்றுச்சீட்டு, நிபந்தனைப் பக்கம் மூன்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கணினியில் போட்டு வையுங்கள். செயலி மூடிய பிறகு அந்தப் பட்டியலைக்கூட எங்களால் எடுக்க முடியவில்லை. கனடாவில் இருந்த கார்டுக் கணக்கு விபரத்தை வைத்துத்தான் எவ்வளவு கட்டினோம் என்றே நிரூபிக்க முடிந்தது. இந்தக் கடையிலேயே மாட்டிக்கொண்ட வாசிகசாலைகள் இருந்தால் பின்னூட்டத்தில் ஊரின் பெயரை மட்டும் போடுங்கள், நான் தொடர்பு கொள்கிறேன். சேர்ந்து ஒரே முறைப்பாடாகக் கொடுப்போம்.